ரோஸம்மாவின் மணிக்கட்டு

ஹைப்போ நெடி தெரியுமா உங்களுக்கு? போட்டோ கழுவுகிற மருந்து. ராயபுரத்தில் எங்கள் ஸ்டுடியோவுக்குள்ளே அந்த நெடி, வாசலுக்கு வந்தால் காசிமேட்டு மீன் காற்று... ஐம்பதுகளில் என் மூக்குக்கு வேறு வாசமே கிடையாது.

எனக்கு டச்சிங் வேலை. நெகட்டிவில் கூர் பென்சிலால் மெல்லத் தேய்த்தால் பிரிண்டில் முகம் வெளுக்கும். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு எல்லாம் போய்விடும். கல்யாணப் பெண்களுக்கு நான்தான் பிரம்மா என்று முதலாளி கிண்டல் செய்வார். எனக்கும் உள்ளூரக் கர்வம்தான்.

போன வாரம் அது இறங்கிவிட்டது.

வேல்ஸ் நாட்டிலிருந்து ஒரு எழுத்தாளர் வீடியோ காலில் வந்தார். அவருடைய அம்மா ராயபுரத்தில் பிறந்தவராம். அம்மா வழிக் குடும்பத்தைப் பழைய போட்டோக்களை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறார். ஒரு படத்தின் பின்னால் எங்கள் ஸ்டுடியோ முத்திரை இருக்க, முதலாளியின் பேரனைப் பிடித்து, அவர் வழியாக என்னைப் பிடித்திருக்கிறார்.

படத்தைக் காட்டினார். நடுவில் நாற்காலியில் கவுன் போட்ட ஒரு வெளுத்த அம்மாள். தன்னுடைய கொள்ளுப்பாட்டி என்றார். போர்ச்சுக்கீசியக்காரராம்.

போர்ச்சுக்கீசாவது, மண்ணாவது!

அது எங்க ரோஸம்மா. ரயில்வே ஷெட் வாசலில் மீன் வறுத்து விற்றவர். ரயில் டிரைவராக இருந்த சட்டைக்காரப் புருஷன், அதாவது ஆங்கிலோ இந்தியர், செத்த பிறகு, அந்த எண்ணெய்ச் சட்டியை வைத்தே மகள் டெய்ஸியைக் கான்வென்ட்டில் படிக்க வைத்தவர்.

டெய்ஸி புருஷனோடு சீமைக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால் வந்து எடுத்துக்கொண்ட படம் அது. அவள் மடியில் கைக்குழந்தை. அந்தக் குழந்தைதான் எழுத்தாளரின் அம்மா. நடுவில் ரோஸம்மா, பெட்டியில் வைத்திருந்த ஒரே பட்டுப்புடவையில், முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் டெய்ஸி தனியாக வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அங்க வூட்ல மாட்டி வெப்போம். வர்றவங்க பாப்பாங்க. அம்மாவுக்கு கவுன் போட்டு, மொகத்த கொஞ்சம் கலரா பண்ணிடுங்க."

அந்தச் சட்டியில் சோறு தின்று வளர்ந்தவள் பேசுகிற பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் முதலாளி தலையாட்டினார், நான் செய்தேன். நெகட்டிவில் பென்சிலால் முகத்தை வெளுத்தேன். மூக்குத்தியைக் கத்தியால் சுரண்டினேன். பிரிண்டில் பிரஷ்ஷால் முந்தானையை அழித்துக் கவுன் வரைந்து, அதை மறுபடி படமெடுத்தோம். டச்சிங்குக்கு முன்னால் ஒரு காப்பிகூட போட்டு வைக்கவில்லை.

இடது மணிக்கட்டை மட்டும் விட்டுவிட்டேன். எண்ணெய் தெறித்த தழும்பும், பச்சை குத்திய சின்னக் கோலமும் அங்கே இருந்தன. கவுனுக்கு லேஸ் வைத்த முழுக்கை வரைந்து அதை மூடச் சொல்லியிருந்தாள் டெய்ஸி. மூடவில்லை. என் கோபத்துக்கு அவ்வளவுதான் தைரியம்... அவசரத்தில் அவளும் கவனிக்கவில்லை.

கப்பல் போன பிறகு ரோஸம்மா தன் காப்பியை வாங்க வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"டெய்ஸி கீறா. கொயந்த கீது. நான் எங்க நைனா?"

நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். படத்தை மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

இப்போது என் பேத்தி போனில் ஒரு தட்டுத் தட்டினால் முகம் வெளுத்துவிடுகிறது. யாரும் யாரிடமும் குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டியதில்லை. அதைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

எழுத்தாளரிடம் மணிக்கட்டைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். கோலம் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி எழுத வைத்தேன். எழுதி முடித்ததும், ரோஸம்மாவின் நிஜ முகம் தெரிகிற மாதிரி வேறு படம் உண்டா என்று கேட்டார்.

கிடையாது. ரோஸம்மா வாழ்நாளில் எடுத்துக்கொண்டது அந்த ஒரே படம். டெய்ஸி கேட்டாள்தான்... அழித்தது நான். கொள்ளுப்பேரன் இவ்வளவு தூரம் தேடி வந்ததற்கு, நான் மிச்சம் வைத்தது ஒரு மணிக்கட்டு.