நன்றிப் பட்டியலில் ஒரு பெயர்

இன்று மாட்டுத்தாவணியில் ஒத்தக்கடை பஸ்ஸுக்காக நின்றபோது பிரபு வந்தான். என் மகன் செந்தில் எங்கள் ஆனையூர் வீட்டு மாடியில் தொடங்கிய மெலடிக் டெத் மெட்டல் இசைக்குழுவில் இப்போது அவன்தான் பாடகன்.

"சார், நம்ம பேண்டு வரலாற நெட்டுல போடப் போறோம். பிழை பாத்துக் குடுங்க" என்று ஒரு தாளை நீட்டினான்.

டிரம்ஸ் வாசித்த மூன்று பேரும் அதில் இருந்தார்கள். ஒரே மாதம் இருந்துவிட்டு துபாய்க்குப் போன கிதார்காரனும் இருந்தான்.

"செந்தில் பேரக் காணோமே?"

"செந்திலண்ணே போனபெறகுதான சார் சீடி வந்துச்சு? சீடியில இருந்துதான் வரலாறு."

அந்த சீடியின் முதல் பாட்டுக்கு மெட்டுப் போட்டவன் செந்தில். வேலைக்குப் போ என்று அவனைச் சென்னைக்கு அனுப்பியவன் நான்.

நான் பள்ளி வாத்தியார். வருகைப் பதிவேட்டில், டி.சி. வாங்கிப் போன பையன் பெயரைச் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு அடிப்போம். கோட்டுக்கு அடியில் பெயர் தெரியும். பிரபுவிடம் அதைச் சொன்னேன்.

"கோவிக்காதீங்க சார், நன்றிப் பட்டியல்ல போட்டுருவோம்" என்று, தாளின் கடைசியில் ஸ்பீக்கர் வாடகைக் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் கீழே எழுதியே காட்டினான்.

ஞாயிறுதோறும் செந்தில் போனில் முதலில் கேட்பது, "நம்ம பேண்டு எப்பிடிப்பா இருக்கு?"

நாளை ஞாயிறு. என்ன சொல்லலாம் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.