இரண்டு மில்லிமீட்டர்

பராச்சோ ஊரில் கிதார் செய்யாத வீட்டைத் தேடிப் புறப்பட்டால் பொழுது சாய்ந்துவிடும். ஹெனோவேவா வீட்டில் முழுக் கிதார் செய்வதில்லை, பிரிட்ஜ் மட்டும்தான். தந்திகளின் அடிமுனையைக் கட்டுகிற அந்தக் கருங்கட்டையை ஜிக் என்கிற மர அச்சில் பொருத்தி, ரவுட்டர் மெஷினை ஓட்டி, ஒன்றைப் போலவே இன்னொன்றாகக் குடைந்து தருவாள். புருஷன் எல்லை தாண்டி வடக்கே கூலிக்குப் போனபின் மெஷினைக் கையில் எடுத்தவள். தெரு முதலில் சிரித்தது, அப்புறம் அவள் வாசலில் வரிசையில் நின்றது.

பிரிட்ஜின் மேலே எலும்புத் துண்டு உட்காரும் நீளப் பள்ளமான காடிதான் சுருதியின் உயிர். அவள் வெட்டிய காடி இடம் மாறியதே இல்லை. அதனால் தெருக்காரர்கள் காடியை அளப்பதையே விட்டுவிட்டு, பிரிட்ஜின் முன்விளிம்பை வைத்தே கணக்குப் போட்டு ஒட்டிப் பழகிவிட்டார்கள். நம்பிக்கை என்று சொல்லிக்கொண்டார்கள். பாதி சோம்பேறித்தனம் என்பது என் கட்சி.

ஊரில் கிதார் செய்பவர்களுக்கான போட்டி நாள் காலையில், அவள் சாப்பிட உட்கார்ந்து, சோள மாவில் அவித்த கொருந்தாவின் இலையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கொழுந்தன் எவாரிஸ்தோ தன் போட்டிக் கிதாரோடு உள்ளே வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"மதினி, இதைக் கேளுங்க." வெறும் தந்தியை மீட்டினான், பிறகு கழுத்தில் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டினான். "மேல போகப் போகச் சுருதி ஏறுது. மதியத்துக்குள்ள ஒப்படைக்கணும்."

"தந்தி மட்டமா இருக்கும்டா."

"மூணு செட் மாத்திட்டேன்."

அவள் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். காடி இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நின்றது. பழைய ஜிக் விரிசல் விட்டதால் போன வாரம்தான் புதிது செய்திருந்தாள். அதில் பிரிட்ஜ் முட்டி நிற்கும் தடுப்புக்கட்டையைக் கொஞ்சம் தடிமனாக வைத்துவிட்டாள். ஜிக்குக்கு நல்லது கெட்டது தெரியுமா? தப்பையும் அச்சுப் பிசகாமல்தான் வெட்டும்.

'ஒட்டும்போது நீ அளந்திருக்க வேண்டாமா' என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"பிரிட்ஜைப் பெயர்த்து மறுபடி ஒட்டுனா பசை காய ஒரு நாள் ஆகும். அப்படியே விட்டுக் காடியை அடைச்சு, தள்ளிப் புதுசா வெட்டுறேன்."

"கிதார் மேலயே மெஷினை ஓட்டப் போறீங்களா? வருஷம் பூரா இதுக்காக ஒழச்சிருக்கேன் மதினி! மேல்பலகை அப்பளம் மாதிரி இருக்கு. கை வழுக்குனா அவ்வளவுதான்."

"அப்ப இப்படியே தூக்கிட்டுப் போ. நடுவருங்க காதுல பஞ்சா வச்சிருக்காங்க?"

அவன் கிதாரை மேஜையில் படுக்க வைத்தான்.

அதே கருமரத்தில் சீவிய துண்டைக் காடிக்குள் இறுக்கி, உடனே பிடிக்கிற பசையை விட்டாள். மேல்பலகையைத் தோலால் போர்த்தி, பிரிட்ஜுக்கு இருபுறமும் தண்டவாளம்போல் இரண்டு சட்டங்களை நிறுத்தி, ஒவ்வொரு சட்டத்தையும் மூன்று தடவை அளந்தாள். மெஷின் அலறியது. எவாரிஸ்தோ கிதாரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டான்.

"மாதா வரட்டும். நீ மொதல்ல ஆட்டாம பிடி."

முதல் ஓட்டத்தில் நகக்கண் அளவு இறக்கினாள். மரத்தூள் கண்ணில் விழுந்தது, துடைக்கக் கை இல்லை. இரண்டாவது ஓட்டத்தில் கத்தி ஒட்டுத்துண்டின் விளிம்பைக் கவ்வி இழுத்தது. மெஷின் கிதாரின் மேல்பலகைப் பக்கம் துள்ளியது. அவள் உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்து அழுத்திப் பிடித்தாள். எவாரிஸ்தோ கண்ணை மூடிக்கொண்டான். மெஷின் சட்டத்தில் முட்டி நின்றது. தோலில்கூடக் கீறல் இல்லை. மூன்றாவது ஓட்டத்தை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

எலும்பைப் பொருத்தித் தந்தி கட்டினார்கள். பன்னிரண்டாம் மெட்டு வெறும் தந்தியோடு இழைந்தது. எவாரிஸ்தோ இன்னொரு தடவை மீட்டிப் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினான்.

"இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும் மதினி. வெளிய தெரிஞ்சா உங்க பேரு கெட்டுரும். நான் வாயே தொறக்க மாட்டேன்."

அவன் போனபின் அவள் கணக்குப் பார்த்தாள். புது ஜிக்கில் வெட்டிய பிரிட்ஜுகள் இன்னும் மூன்று வீடுகளுக்குப் போயிருந்தன. ராத்திரி போய் நைசாக மாற்றிக் கொடுத்தால் ஒருவருக்கும் தெரியாது. அந்த யோசனை இனித்தது. பாடுபட்டுச் சேர்த்த பெயர், யாருக்குத்தான் ஆசை இருக்காது?

அந்த மூன்றில் ஒன்றான எதிர்வீட்டில் மரம் தட்டும் சத்தம் கேட்டது. எழுந்து, தூள் படிந்த தலையோடு அப்படியே தெருவைக் கடந்தாள்.

கிழவர் ஃபிதென்சியோவின் வாய்க்கு அந்தத் தெருவே பயப்படும். பசை தடவிய பிரிட்ஜைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வாம்மா. உன் கட்டைதான். கண்ணை மூடிக்கிட்டு ஒட்டப் போறேன்."

"ஒட்டாதீங்க மாமா. நான் தப்பா வெட்டிட்டேன்."