அம்மா கேட்ட கலர்

சிவப்புச் சேலையின் நடுவே ஒரு சாண் அகலத்துக்குப் பச்சை ஓடிவிட்டது. அந்தச் சேலைக்காக எங்கள் அம்மா வாங்கிய ஏச்சு எனக்கு இன்னும் மறக்கவில்லை. "ஏட்டி, கண்ண எங்கன வச்சுக்கிட்டுத் தறி ஓட்டுத?" என்று விசைத்தறிச் சத்தத்தையும் மீறி முதலாளி கத்தினார். அம்மா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் டிபிக்கு மாத்திரை சாப்பிடுவது வெளியே வந்துவிடும். தறிக்கூடத்தில் அவள் இருமலுக்குப் பஞ்சுத் தூசி என்றுதான் பெயர்.

மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்று அரசு ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மாவும் விடவில்லை. கண் மங்குகிறது என்று மாத்திரை வாங்கிய இடத்திலேயே போய்ச் சொன்னாள். அங்கிருந்த மகானுபாவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "வயசாகுதுல்லா, கண்ணாடி போடுங்க" என்றார். அம்மாவுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது! சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டாள். ஒன்றும் தெளியவில்லை.

அதன் பிறகு பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் என்னையும் தறிக்குக் கூட்டிப்போனாள். நூல் சுற்றிய தார்க்குச்சியைத் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் முன் என் முகத்துக்கு நேரே நீட்டி, "இது என்ன கலரு, சொல்லு பாப்போம்" என்பாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்கு மானம் போனது. சாப்பிடும்போது அப்பாவிடம் புகார் வைத்தேன். "அம்மா என்னியச் சின்னப்பிள்ள மாதிரி கலர் கேக்கா."

அப்பா பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். மறுநாள் மூன்று பேரும் சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ் ஏறினோம்.

கண் டாக்டரம்மா மாத்திரைகளை வாங்கிப் பார்த்தார். அதில் ஒன்று சிலருக்குக் கண் நரம்பைக் கெடுக்கும், சிவப்பும் பச்சையும் முதலிலேயே குழம்பும் என்றார். "கண் மங்கினா உடனே வந்து சொல்லணும்னு யாரும் சொல்லலையா?"

"சொல்லல. நானாப் போயிச் சொன்னேன். கண்ணாடி போடச் சொன்னாவ" என்றாள் அம்மா.

இன்றைக்கும் வயிறு எரிகிறது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்ப அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

டாக்டரம்மா டிபி டாக்டரிடம் போனில் பேசி அந்த மாத்திரையை மட்டும் நிறுத்தினார். மற்றவற்றை விடாமல் சாப்பிட வேண்டும். "இனிமே கெடாம பார்த்துக்கலாம். போனது திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார்.

மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது, திங்கட்கிழமை அம்மா பழையபடி தறிக்குப் போய்விடுவாள் என்று நான் நினைத்தேன். இவ்வளவு நல்ல செய்தியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சங்கரன்கோவில் வரைக்கும் ஏன் ஒரு வார்த்தை பேசாமல் வந்தார்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.