குதிரை இல்லாத குதிரையேற்றம்

என் சித்தப்பா குதிரையேற்றம் பழகியது கொல்கத்தா நியூ டவுனில், எட்டாவது மாடியில், குதிரை இல்லாமல்.

அவர் செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, தூத்துக்குடியிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார். பொதுத்துறை வேலையில் இருந்த அப்பாவுக்கு மாற்றல் வந்து நாங்கள் அதற்கு முன்பே இங்கே வந்துவிட்டோம். சித்தப்பா நல்ல மனிதர், நல்ல சாப்பாட்டுக்காரர். ஆபீஸில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் சந்தேஷ் என்கிற வங்காள இனிப்பு டப்பா எங்கள் வீட்டுக்கு வந்து சேரும், பாதி காலியாக. தன்னோடு வேலை பார்த்த ஒரு மார்வாடிப் பெண்ணை அவருக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அப்பா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமலிருப்பது சுலபமில்லை. அதற்கு ஓர் ஆள் வேண்டும். இரண்டாம் வகுப்புப் படித்த நான்தான் அந்த ஆள். "உன் சித்தப்பாகிட்ட சொல்லு, கீசரை அணைக்கச் சொல்லு" என்பார் அப்பா. இரண்டடி தள்ளி நிற்கும் சித்தப்பாவிடம் போய் அதை அப்படியே சொல்வேன். அவரும் அப்போதுதான் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வார். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

தாத்தா இல்லாத வீடு. அண்ணன் முன்னால் நிற்காமல் தாலி கட்டமாட்டேன் என்று சித்தப்பா அம்மாவிடம் சொல்லியிருந்தாராம். அப்பாவோ, கல்யாணம் என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. எப்படியும் அண்ணன் வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் நாள் குறித்தார்களாம். இதெல்லாம் எனக்குப் பெரியவளான பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்கிருந்த கவலை ஒன்றே ஒன்று. பெண் வீட்டார் வழக்கப்படி மாப்பிள்ளை குதிரையில்தான் வரவேண்டும். அவருக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக் குழந்தை ஒன்று உட்காரவேண்டும். அந்தக் குழந்தை நான். சித்தப்பா விழுந்தால் என்மேல்தான் விழுவார்.

குதிரையை யாராவது பிடித்துக்கொண்டு வருவார்களா, மாப்பிள்ளையே ஓட்டவேண்டுமா என்று பெண் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கேவலம் என்று எங்கள் வீட்டில் நினைத்தார்கள். சித்தப்பா கடிவாளத்தைப் பிடித்துப் பாய்ந்து வருவதாகவே கற்பனை செய்துகொண்டு, கைபேசியில் வீடியோ பார்த்து உடம்பைத் தேற்ற ஆரம்பித்தார். குதிரையில் உட்கார்வது கையின் வேலை இல்லையாம், தொடையும் இடுப்பும் செய்கிற வேலையாம். ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஒரு ரப்பர் பந்தை வரவழைத்தார். ஹாலில் அதன்மேல் கால் இரண்டையும் அகட்டி உட்கார்ந்து, நிமிர்ந்து, மூச்சை இழுத்தார். பந்து அவரை ஏற்றிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் போய் முட்டி நின்றது.

"ஆசை இருக்கு தாசில் பண்ண, அம்சம் இருக்கு கழுதை மேய்க்க" என்று செய்தித்தாளுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. இதைப் போய்ச் சொல்லவேண்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம்.

அடுத்து சித்தப்பா உட்கார்ந்து எழ ஆரம்பித்தார். முழங்கால் இரண்டும் பழைய கதவுபோலச் சத்தம் போட்டன. அப்பா கல்லூரியில் கபடி ஆடியவர். இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு பேப்பரை மடித்து வைத்தார்.

"உன் சித்தப்பாகிட்ட சொல்லு. அந்தப் பந்தைத் தூக்கிப் போடச் சொல்லு. காதைப் பிடிச்சுக்கிட்டு ஒழுங்காத் தோப்புக்கரணம் போடட்டும். முட்டியை இப்படி முன்னால தள்ளினான்னா கல்யாணத்தன்னிக்கு நொண்டிக்கிட்டுத்தான் போவான்."

நான் போய்ச் சொன்னேன். சித்தப்பா பாதி உட்கார்ந்த நிலையிலேயே நின்றார்.

"கல்யாணத்தன்னிக்குன்னா சொன்னாரு?"

"ஆமா. நொண்டின்னும் சொன்னாரு."

அவர் நேரே சமையலறைக்குப் போய், "அண்ணி!" என்றார். அண்ணன் வாயிலிருந்தே கல்யாணம் என்ற சொல் வந்துவிட்டதாம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சித்தப்பா நொண்டியாகப் போகிறாரே என்று நானும் சேர்ந்து அழுதேன்.

அதன்பிறகு தினமும் காலையில் எனக்கு வேலை அதிகமாகிவிட்டது. முதுகை வளைக்காதே என்று சொல்லு, குதிகாலைத் தூக்காதே என்று சொல்லு. லிஃப்டில் போகாமல் மாடிப்படி ஏறச் சொல்லு. டாக்டர் தன்னையும் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு அப்பாவும் கூடவே ஏறினார். முன்னால் சித்தப்பா, பின்னால் அப்பா, நடுவில் தகவல்களோடு நான். ஐந்தாவது மாடியில் நான் காக்கு என்று கூப்பிடும் வங்காளி மாமா கதவைத் திறந்து, "லிஃப்ட் காராப் நாகி?" என்று தினமும் விசாரிப்பார். லிஃப்ட் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒருநாளும் அவர் நம்பவில்லை.

சித்தப்பாவின் தொப்பை கரைந்தது. சந்தேஷ் டப்பாக்கள் முழுதாக வர ஆரம்பித்தன. ஆனால் கல்யாணத்துக்கு வருகிறேன் என்று அப்பா சொல்லவில்லை. கல்யாணத்தன்று காலையிலும் சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு பேப்பர் படித்தார்.

சாயங்காலம் சால்ட் லேக்கில் ஒரு தெருமுனையில் வெள்ளைக் குதிரை நின்றது. பாண்டு வாத்தியம், தலையில் விளக்குச் சுமந்த ஆட்கள். சித்தப்பா தலைப்பாகையும், முகத்தில் தொங்கும் பூச்சரமுமாக நின்று கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்துக்கிட்டே இருக்காங்க தம்பி" என்றாள் அம்மா. அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. நேரமாகிறது என்று பெண் வீட்டார் அவரை ஏற்றி, என்னையும் முன்னால் தூக்கி வைத்தார்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், குதிரைக்காரர் கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். முன்னால் ஆடுகிறவர்கள் நின்றால் குதிரையும் நின்றது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. இதற்கா இவ்வளவு பாடு என்று சிரிப்பும் வந்தது. சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. தலையைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார்.

அப்போது ஒரு வாடகைக் கார் ஓரமாக நின்றது. அப்பா இறங்கினார். பட்டு வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆடுகிறவர்களை விலக்கிக்கொண்டு நேரே குதிரையிடம் வந்தார். அண்ணாந்து பார்த்தார். சித்தப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"குதிகாலைக் கீழ அழுத்துடா. நிமிந்து உக்காரு."

நான் அதைச் சொல்லத் திரும்பினேன். அவசியமிருக்கவில்லை. சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் அவருடைய மார்பு என் முதுகில் இடித்து இடித்துக் குலுங்கியது. பூச்சரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.

"அப்பா, சித்தப்பா பயந்து அழறாரு" என்றேன். அப்பா அந்தப் பாதத்திலிருந்து கையை எடுக்காமல் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

அத்தனை மாடி ஏறி, அத்தனை தோப்புக்கரணம் போட்டும், நடக்கவே யோசிக்கிற ஒரு குதிரைக்கு இந்த மனிதர் இப்படிப் பயப்படுகிறாரே என்று எனக்கு மானம் போயிற்று. யார் கண்ணிலும் படாமலிருக்க, பூச்சரத்தை இழுத்து அவர் முகத்தை நன்றாக மூடிவிட்டேன்.