அண்ணன் பூக்கட்டிப் பார்த்த ஆடி மாதம்

இந்த மலையில் உப்பு தானாகவே அழும். என் பிறந்த ஊரான துறையூரில் உப்புச் சாடியைத் திறந்து போட்டாலும் கல் கல்லாகக் கிடக்கும். இலங்கையில், ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இறுக மூடி வைத்தாலும் காலையில் சாடியின் அடியில் தண்ணீர் நிற்கும். அதனால் இங்கே உப்புக்கு இடம் அடுப்புக்கு மேலே இருக்கும் பரண். தீப்பெட்டிக்கும் அங்கேதான் இடம். பிள்ளைகளின் சட்டையும் என் சேலையும் அங்கே கட்டிய கொடியில்தான் காயும். ஊரிலிருந்து யாராவது வந்தால் எங்களைக் கட்டிப்பிடித்த கையோடு மூக்கைச் சுளிப்பார்கள். புகை வாடை. அந்த வாடை போவதில்லை. போக வேண்டும் என்று நானும் இப்போது நினைப்பதில்லை.

என் வீட்டுக்காரர் இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கல்யாணமான கையோடு தனுஷ்கோடியில் கப்பலேறி வந்தவள் நான். வந்த முதல் வருஷம் ஒருநாள் விறகு எரியாமல், ஊதி ஊதிக் கண் சிவந்து, கடைசியில் சோற்றுப் பானையையும் கவிழ்த்துவிட்டேன். உட்கார்ந்து ஒப்பாரியே வைத்தேன். பக்கத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் கொழுந்து பறிக்கிற மீனாட்சியக்கா சத்தம் கேட்டு வந்தார். பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சோறு மண்ணுல போயிருச்சு. இனி அழுது என்னா செய்யப் போறீங்க? மாவு இருக்குங்களா? பெசைங்க” என்றார். கோதுமை மாவில் தேங்காய் துருவிப் போட்டு, வெங்காயம் அரிந்து போட்டு, உள்ளங்கை கனத்துக்கு ரொட்டி சுட்டோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது வழக்கமாகிவிட்டது. எது உடைந்தாலும், எது கவிழ்ந்தாலும் அன்றைக்கு ரொட்டி. என் பிள்ளைகளுக்கு ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டால் போதும், நாக்கில் எச்சில் ஊறும்.

நான் வந்து பல வருஷம் கழித்து, ஓர் ஆடி மாதம் பெரியண்ணன் எங்களைப் பார்க்க வந்தார். பார்க்க மட்டும் வரவில்லை. என் மூத்தவள் செல்வி அப்போது ஐந்தாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். தோட்டத்துப் பள்ளிக்கூடம் அதோடு சரி. “புள்ளைய எங்கூட அனுப்பு தனம். அங்க ஹைஸ்கூல் வாசல்லயே இருக்கு. இங்க வச்சிருந்தா நாளைக்கு அவ முதுகுலயும் கூடையத்தான் மாட்டுவாங்க” என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பதுளை டவுனில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, அங்கே தங்க வைத்துப் படிக்கவைக்கலாம் என்று எங்களுக்கு ஓர் எண்ணம். எண்ணம்தான், இன்னும் ஒன்றும் கூடிவரவில்லை. என் வீட்டுக்காரர் வழக்கம்போல, “நீ சொல்றதுதான்” என்று ஒதுங்கிக்கொண்டார்.

அண்ணன் வந்த நேரம், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பேய் பிடித்தாற்போல் அடித்தது. மறுநாளே கூரைத் தகரம் ஒன்று பிடுங்கிக்கொண்டு தேயிலைக்கு மேலே பறந்து கீழ்க்கிராமத்துப் பக்கம் போய்விட்டது. அதைப் பிடிக்க ஓடிய வாத்தியார் படிக்கட்டில் சறுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். மத்தியானம் ஒரு சிங்களவர் அந்தத் தகரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மேடேறி வந்தார். அவர் கையை வீசி ஏதோ சத்தமாகச் சொல்லவும் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலை மறித்து நின்றார். “என்ன கேக்குறான்? அவன் வீட்டு மேல விழுந்துருச்சா?” “ஒன்னும் கேக்கலண்ணே. காத்து ரொம்ப, தகரத்துக்கு மேல கல்லு வைங்கன்னு சொல்றாரு.” அந்த மனிதர் பால் விடாத சாயத்தண்ணி குடித்து, ரொட்டியும் தின்று, போகும்போது அவரே கூரையில் நாலு கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போனார். அண்ணன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அதோடு முடிந்ததா? சின்னவனுக்குக் கன்னம் வீங்கி அம்மைக்கட்டு. அடைகாத்த கோழியைக் கீரி கொண்டுபோயிற்று. கடைசியாக, அண்ணன் ஆசையாகக் கொண்டுவந்த சரிகைக்கரை வேட்டி அடுப்புக்கு மேல் காய்ந்துகொண்டிருந்தபோது பொறி பட்டு நடுவில் ஓட்டை விழுந்தது.

நாள் தவறாமல் ரொட்டி சுட்டேன். பிள்ளைகளுக்குத் திருவிழா. அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தார். “கூரை போச்சு, காலு போச்சு, கோழி போச்சு. நீ என்னடான்னா பலகாரம் சுட்டுக்கிட்டு இருக்க. இந்த மண்ணு ஒங்களுக்கு ஒத்துக்கலன்னு தெரியல?” எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “துறையூர்ல கூரையே பிய்யலயா? அப்பா கெணத்துல விழுந்து கால ஒடிச்சுக்கிட்டப்ப ஊரையா காலி பண்ணுனோம்?” என்றேன். அவர் விடவில்லை. “சரி, நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். மாரியாத்தாகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம்.”

எங்கள் குடும்பத்தில் எதற்கும் பூக்கட்டிப் பார்ப்பதுதான் முறை. கடல் கடந்து என்னைக் கட்டிக்கொடுக்கலாமா என்பதற்கும் அப்படித்தான் பார்த்தார்கள். வெள்ளைப் பூ வந்தது, எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். யாரும் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கலைந்து ஆட்கள் மலைக்குப் போனபின் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். துரை பங்களாத் தோட்டக்காரர் கொடுத்த ரோஜாக்களை, வெள்ளையைத் தனியாகவும் சிவப்பைத் தனியாகவும் அண்ணன் வாழையிலையில் மடித்துக் கட்டினார். வெள்ளை வந்தால் செல்வி இங்கே, சிவப்பு வந்தால் துறையூருக்கு. இரண்டு பொட்டலத்தையும் குலுக்கி அம்மன் காலடியில் வைத்துவிட்டு, “எடு சாமி” என்றார். செல்வி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒன்றை எடுத்தாள். ஒளிக்காமல் சொல்கிறேன், அது சிவப்பு என்றுதான் பயந்தேன்.

அண்ணன் கை நீட்டுமுன் நான் அதைப் பிடுங்கினேன். கீழே கிடந்த மற்றதையும் எடுத்து, இரண்டையும் பிரித்து என் மடியில் ஒன்றாகக் கொட்டிக் கலந்தேன். எது எந்தப் பொட்டலத்தில் இருந்தது என்று எனக்கே தெரியாது.

“என்ன காரியம் பண்ணுற தனம்? தெய்வக் குத்தம்.”

“என்னையக் கேக்காம என்னைய அனுப்புனீங்கண்ணே. ஆத்தாவக் கேட்டீங்க, ஐயரக் கேட்டீங்க, என்னையக் கேட்டீங்களா? இவள நான் பூவுகிட்டக் கேக்க மாட்டேன். இவகிட்டயே கேக்குறேன்.”

செல்வி பாவாடை நுனியைத் திருகிக்கொண்டே அண்ணனைப் பார்த்து, “ஒங்க ஊருக்கு வருவேன் மாமா. வந்துட்டு வந்துருவேன்” என்றாள்.

அண்ணன் குனிந்து வாழையிலைகளைப் பொறுக்கிச் சுருட்டினார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. மடியில் இருந்த ரோஜாக்களை வெள்ளையும் சிவப்புமாக அங்கேயே அவள் சடையில் செருகிவிட்டேன்.

அன்றைக்கே அவரைப் பஸ் ஏற்றப் பெரகல சந்திவரை போனோம். கையில் ரொட்டி மூட்டை கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். மோந்து பார்த்து, “இதுலயும் புகை” என்றார், சிரித்துக்கொண்டே. பதுளைப் பள்ளிக்கூடம் பிறகு கூடிவந்தது, இப்போது செல்வி அங்கே தங்கிப் படிக்கிறாள். பொல்லாத ஆடிகள் அதற்குப் பின்னும் வந்தன. கூரை பிறகும் இரண்டு தரம் பறந்தது, நாங்கள் பறக்கவில்லை. எங்கள் வாசல் தெற்கே பார்த்தது. நின்று பார்த்தால் சமவெளி அத்தனையும் தெரியும், என் ஊர் மட்டும் முதுகுக்குப் பின்னால். அன்று பஸ் போனதும் செல்வி எனக்கு முன்னால் மேடேறிக்கொண்டிருந்தாள். கச்சான் அவள் சடையிலிருந்து இதழ்களைப் பிய்த்துப் பிய்த்து அண்ணன் போன பக்கமாகக் கொண்டுபோயிற்று. வீடு வந்து சேர்ந்தபோதும் அவள் தலையில் கொஞ்சம் வெள்ளை இருந்தது, கொஞ்சம் சிவப்பும் இருந்தது.