லேப்டாப்புக்குள் ஒளிந்திருக்கும் கம்ப்யூட்டர்

வீட்டில் அடிபடும் பெண்கள் வந்து பேசுகிற ஒரு அலுவலகத்தில் என் மகள் வேலை பார்க்கிறாள். அவர்கள் சொல்வதை அவள்தான் எழுதி வைப்பாள். அதற்கென்று தனியாக ஒரு லேப்டாப் வாங்க தம்பானூரில் ஒரு கடைக்குப் போனோம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெட்டியைத் தூக்கத்தான் துணைக்குப் போனேன்.

போகும்போது பஸ்ஸில் சொன்னாள். கம்ப்யூட்டரின் மூளைக்குள் இன்னொரு சின்னக் கம்ப்யூட்டர் ஒளிந்திருக்கிறதாம். நாம் அணைத்த பிறகும் அது விழித்திருக்குமாம்; எழுதி வைத்ததை அதன் வழியே வெளியாள் எடுக்கவும் முடியுமாம். அதை முடக்கித் தருவதாக இந்தக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

"எங்கிட்ட வந்து பேசுறவங்க பேரு வெளிய போச்சுன்னா, வீட்டுல உசுரோட விட மாட்டாங்கப்பா."

கடைக்காரர் மலையாளி, சிரித்த முகம். "எல்லாம் ஆஃப் ஆக்கியாச்சு மோளே. தைரியமாயிட்டு கொண்டு போ."

"எப்படி நம்புறது சேட்டா?"

"ஸ்க்ரீன்ல பாரு. நின்னாச்சுன்னு காட்டுதல்லே?"

"பட்சே, நின்னாச்சுன்னு சொல்றதும் அதே மெஷின்தானே?"

அவர் என்னைப் பார்த்தார். "இவளக் கல்யாணம் கெட்டப் போறவன் பாவம், அண்ணாச்சி!"

எனக்கு வெளியாட்களிடம் பேச்சு வராது. ஆனால் ஆரியசாலைக் கடைத்தெருவில் இருபது வருடமாக அரிசி மூட்டை இறக்குகிறேன். எங்கள் முதலாளி மூட்டையின் வாயை அவிழ்த்துப் பார்க்க மாட்டார். மேலே எப்போதும் நல்ல அரிசிதான் இருக்கும். தனக்குத் தோன்றிய இடத்தில் குத்தூசியைச் செருகி, அதன் வழியே வரும் அரிசியை உள்ளங்கையில் வாங்கிப் பார்ப்பார். விற்கிறவர் காட்டும் இடத்தில் மட்டும் குத்தவே மாட்டார்.

"இதுல நாமளா குத்திப் பாக்க எடம் உண்டா சாரே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் காது சூடானது. மகள் சிரிக்கவில்லை. குத்தூசி என்றால் என்னவென்று அவரிடம் அவளே பொறுமையாகச் சொன்னாள்.

அவர் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது. "இல்ல அண்ணாச்சி. அத முழுசா எடுத்தா மெஷின் ஓடாது. கம்பெனி வச்ச சுவிட்ச நான் அணச்சேன். உள்ள நெஜமா நின்னுச்சான்னு எனக்கும் தெரியாது. கம்பெனி சொல்றத நானும் நம்புறேன். அத்ரயே உள்ளூ, அவ்வளவுதான்."

மகள் அந்த லேப்டாப்பையே வாங்கினாள். பக்கத்துக் கடையில் கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டும் வாங்கினாள்.

"லேப்டாப்புல பேருக்குப் பதிலா நம்பர் மட்டும் ஏத்துவேன்ப்பா. பேரு நோட்டுல, பூட்டுக்குள்ள. கடைக்காரர் சொன்னத, பேச வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் அப்படியே சொல்லிடுவேன்."

"கேட்டுப் பயந்துட்டா?"

"பயந்தா பேச வேண்டாம். அது அவங்க இஷ்டம் அல்லே?"

திரும்பும்போது பெட்டி என் மடியில் இருந்தது. அவள் நோட்டில் ஒன்று, இரண்டு என்று எண் போட ஆரம்பித்திருந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் கோடு கோணாமல் இருக்க, அவள் தோளுக்கு என் தோளை முட்டுக் கொடுத்தேன்.