துரை அப்பாவின் தலையில் கட்டிய கார்

பெட்ரோல் நாற்றமும் ஈரச் சாக்கின் நாற்றமும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது எரிச்சல்தான். மற்றவர்களுக்குச் சின்ன வயதை நினைத்தால் மல்லிகைப்பூவும் பலகாரமும் மணக்குமாம். எனக்கோ ஹட்டன் கடைவீதியில் எங்கள் புடவைக் கடைக்குப் பக்கத்துச் சந்தில், தகரக் கொட்டகைக்குள் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்ற ஒரு பழைய கார்தான் மணக்கிறது. முப்பதுகளில் எங்கள் ஊரில் சொந்தக் கார் வைத்திருந்த தமிழ்க் கடைக்காரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களில் ஒன்றாக இருப்பதற்கு அப்பா பட்ட பாடும், அதற்காக வீட்டிலிருந்த எங்களைப் படுத்திய பாடும் கொஞ்சநஞ்சமில்லை.

வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பும்போது அந்தக் காரை அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். "ராசியான வண்டி முதலாளி, துரை கண்ணு மாதிரி வச்சிருந்தாரு" என்று அந்தத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்த்த கண்டாக்கையா சொன்னதை அப்பா அப்படியே நம்பினார். துரை ஏறிய கப்பல் துறைமுகத்தைத் தாண்டியதோ என்னவோ, கார் எங்கள் சந்தைத் தாண்ட மறுத்துவிட்டது.

அது செய்யாத அட்டூழியம் இல்லை. முன்னால் "ஹேண்டில்" போட்டுச் சுற்றினால் திருப்பி உதைக்கும். அப்பாவின் மணிக்கட்டில் பத்துப் போடாத மாதமே கிடையாது. மழைக்காலம் வந்துவிட்டால், அதாவது எங்கள் ஊரில் வருடத்தின் பெரும்பகுதி, "பிளக்கு" நனைந்துபோய் எஞ்சின் இருமும், தும்மும், பிறகு மூச்சை நிறுத்திக்கொள்ளும். அப்பா உடனே பிளக்குகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேரே சமையலறைக்கு வருவார். சூடான தோசைக்கல்லின் மேல் அவற்றை வரிசையாக அடுக்கி, திருப்பித் திருப்பிப் போட்டு ஈரம் போக்குவார். எங்கள் வீட்டுத் தோசையில் பெட்ரோல் வாசம் அடிக்காத நாளில்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும்.

"சாமிக்குப் படைக்கிற கல்லுங்க இது! இதுல கொண்டாந்து அந்தச் சனியனை வைக்கிறீங்களே" என்று அம்மா கத்துவாள். அந்தக் காரை அவள் பெயர் சொல்லிப் பேசியதே இல்லை. ஒன்று "சனியன்", கோபம் மிஞ்சினால் "என் சக்களத்தி".

அப்பாவோ காரைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் குற்றம் சொல்லுவார். பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்பார். ஹட்டன் குளிர் யாருக்குத்தான் ஒத்துக்கொள்ளும் என்பார். எதிர்க்கடைக்காரன் கண் பட்டுவிட்டது என்பார். ஒன்றும் அகப்படாவிட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ரயில் நிலையத்துக்குக் கீழே பட்டறை வைத்திருந்த சிங்கள மெக்கானிக்கிடம் போவார். அவரை ஊரே "பாஸ்" என்றுதான் அழைத்தது. அங்கே நடக்கும் வழக்கைக் கேட்பதற்காகவே நான் வண்டியின் பின்னால் கை வைத்துத் தள்ளுவதுபோல் பாவனை செய்துகொண்டு போவதுண்டு.

"போன வாரம்தானே பாஸ் பாத்துக் கொடுத்தீங்க? மறுபடி நின்னுபோச்சே!"

"போன வாரம் பாத்தது கிளச்சு, முதலாளி. இப்ப போனது கியர் தானே. கிளச்சு நல்லம்."

"வண்டி ஓடலையே, ஐயா!"

"ஓடல்ல, சரி. ஆனா கிளச்சு நல்லம்."

இப்படி ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று நல்லதாகித் திரும்பும், அடுத்தது கெட்டுப்போய் நிற்கும். பாஸ் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அந்த வண்டியின் சுபாவம் அப்படி. சம்பள நாளில் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் புடவை மூட்டை ஏற்றிப்போக என்று வாங்கிய கார், பல தடவை அந்த லயத்து ஆட்களே தள்ளிக் கொண்டுவந்து விட்டுப்போகும் கார் ஆயிற்று.

இதெல்லாம் தினப்படித் தொல்லை. உண்மையிலேயே எங்களைக் கலங்க வைத்தது மரகதம் அக்காவை அழைத்துவரப் போன நாள்தான்.

அக்காவை உடப்புசல்லாவைப் பக்கம், இராகலைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுக்குத் தலைப்பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது எங்களில் வழக்கம். ஆனால் அக்காவின் மாமியார் முதலிலிருந்தே பிடி கொடுக்கவில்லை. ஏழாம் மாதம் முடிவதற்குள் வந்து வளையல் போட்டு அழைத்துப்போனால் உண்டு. எட்டாம் மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சியை வாசல் தாண்டவிட மாட்டோம். ஒன்பதில் மலைப்பாதையில் அனுப்பவே மாட்டோம் என்று சொல்லிவிட்டார். அந்த ஏழாம் மாதத்தில் எங்கள் பக்கம் ஏதேதோ தடங்கல் வந்து, மிஞ்சியது கடைசியாக ஒரே ஒரு நல்ல நாள். அன்று ராகுகாலத்துக்கு முன்பு அக்கா அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியாக வேண்டும். தாண்டாவிட்டால், பயந்த சுபாவமுள்ள என் அக்கா, யாரோடும் வாய் திறந்து வலிக்கிறது என்றுகூடச் சொல்லத் தெரியாதவள், அந்த மாமியாரின் கையில்தான் பிள்ளை பெற வேண்டும். அம்மா அந்த மாதம் முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை.

"ரயில்ல போயிடுவோங்க. நானுஓயாவுல எறங்கி, சின்ன ரயில் ஏறினா இராகலையில கொண்டுபோய் விட்டுடுவான்" என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரைக்கும் அப்போது ஒரு குட்டி ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் நடக்கிற வேகத்தில் போகிறது என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

"சொந்தக் காரு வச்சிக்கிட்டு, சம்பந்தி வீட்டுக்கு ரயில்லயா போய் எறங்குறது? புள்ளைத்தாய்ச்சிய நோகாம கார்ல கூட்டியாரணும் புள்ள. பாஸ் எல்லாம் பாத்துக் கொடுத்திருக்காரு" என்று அப்பா முடித்துவிட்டார்.

அப்பா ஒன்றைச் சொல்லிவிட்டால் அம்மா மறுத்து நடக்கமாட்டாள். ஆனால் தன் பங்குக்கு ஒன்று செய்தாள். புறப்படும் நாள் விடிகாலையில் குளித்து முழுகி, அதுவரை தொட்டும் பார்க்காத அந்தக் காருக்குப் பூசை போட்டாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், விளக்குகளுக்குப் பொட்டு, கண்ணாடிக்கு மேலே கதம்பச் சரம். அதோடு விட்டாளா? காரின் முகம் என்று அவள் நினைத்தது ரேடியேட்டரை. அந்தக் காலத்துக் கார்களில் அது முன்னால் மூடாமல், தேன்கூடுபோல் பொடிப்பொடி ஓட்டைகளாகத் தெரியும். அந்த முகத்தில் பொட்டு வைத்தால் போதாது என்று, இழைத்த சந்தனத்தோடு மஞ்சளும், ஒட்டிக்கொள்ளட்டும் என்று அரிசி மாவும் குழைத்து, ஒரு கிண்ணம் நிறைய எடுத்துவந்து அம்மனுக்குக் காப்புச் சாத்துவதுபோல் விளிம்பு முதல் விளிம்பு வரை அப்பினாள். நடுவில் அகலமாகக் குங்குமம். பிறகு கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டு, "தாயே, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஓடிடு" என்றாள். சனியன் என்று அவள் சொல்லாமல் விட்ட ஒரே காலை அதுதான். அப்பா பூரித்துப் போனார்.

கார் ஹேண்டிலின் முதல் சுற்றிலேயே கிளம்பியது. தலவாக்கலை வரைக்கும் அப்பா பாடிக்கொண்டே ஓட்டினார். அதற்குப் பிறகு ஏற்றம். ஏற்றத்தில் முதல் வளைவிலேயே முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. அப்பா இறங்கி, மூடியைத் துணி போட்டுத் திருகி, கை சுட்டுக்கொண்டு, ஓடையில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். கொஞ்ச தூரம் போயிற்று. மறுபடி ஆவி, மறுபடி ஓடை. அரிசி மாவு வேகிற மாதிரி ஒரு வாசம் வந்தது. கட்டுச்சோற்று மூட்டையின் வாசம் என்று நான் நினைத்துக்கொண்டேன். போகப் போக ஓடும் தூரம் குறைந்து நிற்கும் நேரம் நீண்டது. நானுஓயாவைத் தாண்டி நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. நின்றது நின்றதுதான்.

"பாஸ்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன், தண்ணி ஓடுற குழாயைப் பாருன்னு" என்று அப்பா தொடங்கினார்.

அம்மா வளையல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெயில் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையாக வந்தது. அப்பாவின் மேல், பாஸின் மேல், சீமையில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும் அந்தத் துரையின் மேல் எல்லாம் கோபம் கோபமாக வந்தது.

அப்போதுதான் கீழ் வளைவில் சின்ன ரயிலின் கூவல் கேட்டது. அந்த இடத்தில் தண்டவாளம் பாதையை ஒட்டியே போகும். அம்மா காரை விட்டு இறங்கினாள். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் கட்டுச்சோற்று மூட்டையும் என் கையும். நேரே போய்த் தண்டவாளத்தின் நடுவில் நின்றாள். அப்பா பக்கத்தில் இல்லாமல் கடைவீதியைக்கூடக் குறுக்கே கடக்காத அம்மா!

"இந்தா புள்ள, என்ன பண்ற?" என்று அப்பா ஓடிவந்தார்.

"நீங்க உங்க காரைப் பாத்துக்குங்க. நான் என் மகளைப் பாத்துக்கிறேன்."

ரயில் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டிச் சிங்களத்தில் கத்தினார். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் கடையில் புடவைக்கு விலை சொல்லும் சிங்களம். அவள் "துவ, துவ" என்று, மகள் என்பதற்கான அந்த ஒரு சொல்லை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி, தன் வயிற்றுக்கு முன்னால் கையால் வளைத்துக் காட்டினாள். டிரைவர் தட்டிலிருந்த வளையல்களைப் பார்த்தார், ஆவி விடும் காரைப் பார்த்தார், ஏறச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டார். பெட்டியிலிருந்தவர்கள் எங்கள் காரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அடுத்த நிலையம் வரை ஓயவில்லை.

நல்ல நேரம் கைநழுவுவதற்குள் நாங்கள் இராகலை போய்ச் சேர்ந்தோம். "கார்ல வர்றதாச் சொல்லிவிட்டீங்களே, சம்பந்தி?" என்று அக்காவின் மாமியார் வாசலையே எட்டிப் பார்த்தார். "பின்னால வருதுங்க" என்றாள் அம்மா, முகம் மாறாமல். வளையல் போட்டு, சாதம் பரிமாறி, ராகுகாலம் பிறப்பதற்கு முன் அக்கா வாசற்படி தாண்டிவிட்டாள். தாண்டிய பிறகு என் கையை அவள் பிடித்த பிடி எனக்கு வலித்தது.

திரும்பும் ரயில் நுவரெலியாவைத் தாண்டி இறங்கும்போது, பாதையில் ஹார்ன் சத்தம். எட்டிப் பார்த்தால், எங்கள் கார்! கழுவித் துடைத்த முகத்தோடு, ஒரு சொட்டு ஆவியில்லாமல், ரயிலுக்குச் சமமாக ஓடிவந்தது. ஜன்னலில் அக்காவைப் பார்த்ததும் அப்பா விடாமல் ஹார்ன் அடித்தார்.

"இப்ப ஓடுது பாரு! சனியன், காரியம் முடிஞ்சப்புறம் ஓடுது" என்றாள் அம்மா.

நானுஓயாவில் இறங்கியதும், அம்மா மகளை அந்தக் காரில் ஏற்றமாட்டேன் என்று அக்காவோடு பெரிய ரயிலுக்குப் போய்விட்டாள். அப்பாவுக்குச் சாதம் கொடுத்துவிட்டு அவரோடு வரும்படி என்னை அனுப்பினாள். அவர் சாதத்தில் கை வைத்தபோதுதான் பார்த்தேன், அப்பாவின் நகக்கண் எல்லாம் மஞ்சள். விரல் நுனிகள் கீறியிருந்தன. இருக்கையில் அவருடைய துண்டு விரித்திருந்தது. அதன்மேல் அடைபோல் வெந்து இறுகிய சந்தனம், துண்டு துண்டாக. பக்கத்தில் ஈர்க்குச்சிகள். ரேடியேட்டரின் அந்தப் பொடி ஓட்டைகளின் வழியாகக் காற்றுப் போனால்தான் தண்ணீர் ஆறுமாம். அத்தனை ஓட்டையும் அடைபட்டிருந்தால் எந்த எஞ்சின் ஏறும்? காலை முழுவதும் அவர் பாதையோரத்தில் குந்தி ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்திருக்கிறார்.

"அப்பா, அப்ப காரு மேல தப்பே இல்லையா?" என்றேன்.

"சத்தம் போடாத. அம்மாகிட்ட சொல்லிடாத, தாயி. அவ ஆசையாப் பூசினது."

சந்தனத்தைக் குப்பையில் போட மனமில்லாமல், வழியில் ஒரு மரத்தடியில் நிறுத்தித் துண்டோடு வைத்துவிட்டு வந்தார். அன்று ஹட்டன் வரைக்கும் கார் ஒரு தடவைகூட இருமவில்லை.

அக்காவுக்கு எங்கள் வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகு வந்தவர் போனவரிடமெல்லாம் அம்மா இந்தக் கதையைச் சொல்லுவாள்: சனியன் எப்படிக் கழுத்தறுத்தது, தான் எப்படி ரயிலை மறித்தாள் என்று. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா, கேடு கெட்ட வண்டி" என்று தலையாட்டுவார். எதற்கும் காரை விட்டுக்கொடுக்காத மனிதர், அது குற்றமே செய்யாத அந்த ஒரு நாளுக்காக மட்டும் அதைத் திட்டினார். அம்மா சாகும் வரைக்கும் திட்டினார்.

இன்றைக்கு அந்தச் சின்ன ரயிலும் இல்லை, தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். காரைப் பழைய இரும்புக்காரன் தள்ளிக்கொண்டு போனான். அவனுக்கும் அது லேசில் நகரவில்லை. சந்தில் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது யாரோ கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். போன மாதம் அக்காவின் மகள், அவளுக்கும் தலை நரைத்துவிட்டது, புதுக் கார் வாங்கி என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "சின்னம்மா, உங்க கையால சந்தனம் வைங்க" என்றாள். நான் மோதிர விரலால் தொட்டு, கண்ணாடியின் ஓரத்தில் ஒரே ஒரு பொட்டு வைத்தேன். "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். போதும் என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.